ஸ்கேனில் வெள்ளைப் புள்ளி, கையில் 2,300 ரூபாய் பில்: ஜெனடிக் கவுன்சலிங் போகலாமா?

பெங்களூர் ஜெயநகரில் ஒரு ஃபீட்டல் மெடிசின் சென்டருக்கு, அதாவது வயிற்றிலுள்ள குழந்தையின் உடல்நலம் பார்க்கும் இடத்துக்கு, ஜெனடிக் கவுன்சலிங்குக்காகப் போய்வந்தோம். ஃபீஸ் 2,000 ரூபாய். ரெஜிஸ்ட்ரேஷன் என்று தனியாக 300. இந்தக் காசுக்கு ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை, மருந்துச் சீட்டுகூட இல்லை. ஒருவர் எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவார், நாமும் கேட்கலாம், அவ்வளவுதான். "பேசறதுக்கு ரெண்டாயிரமா?" என்று என் அத்தை (மாமியார்) கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் 5க்கு 4 கொடுக்கிறேன்.

சென்டரின் பெயரை எழுதப்போவதில்லை. ஊரில் பல இடங்களில் இந்தச் சேவை கிடைக்கிறது, ஆளுக்கு ஆள் தரம் மாறும், தவிர நான் கொஞ்சம் திட்டவும் போகிறேன். எனக்கு இப்போது ஏழாம் மாதம். குழந்தை பிறந்ததும் எழுதலாமே என்றார் என் கணவர். அப்போது எழுதினால் பிறந்த குழந்தையைப் பார்த்துத்தான் அந்த ஒரு மணி நேரத்தை எல்லோரும் எடைபோடுவார்கள், நானும்தான். அதனால் விடை தெரியாத இப்போதே எழுதிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். குழந்தையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஐந்தாம் மாத ஸ்கேனில், டிஃபா என்பார்களே, அதில் குழந்தையின் இதயத்தில் இடது கீழறைக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. ரிப்போர்ட்டில் 'எக்கோஜெனிக் இன்ட்ராகார்டியாக் ஃபோகஸ்' என்று போட்டு, பக்கத்தில் 'சாஃப்ட் மார்க்கர்' என்றும், கடைசி வரியில் 'என்ஐபிடி அல்லது அம்னியோசென்டெசிஸ் குறித்து ஆலோசிக்கவும்' என்றும் அடித்திருந்தார்கள். சாஃப்ட் மார்க்கர் என்றால் டவுன் சிண்ட்ரோம் மாதிரி குரோமோசோம் கோளாறு இருக்குமோ என்று சந்தேகப்பட வைக்கும் சின்ன அடையாளம். அதை அம்மாவின் ரத்தத்தில் தேடுவது என்ஐபிடி, வயிற்றில் ஊசி விட்டு நீர் எடுத்துத் தேடுவது அம்னியோசென்டெசிஸ், சுருக்கமாக அம்னியோ. முதுகெலும்பு, சிறுநீரகம், மூளை, மூக்கெலும்பு, பிடரித் தோலின் தடிமன் எல்லாம் நார்மல். ஆனால் இரண்டு பக்கம் நிறைய நார்மல் என்று இருந்தாலும் கண் அந்த ஒரு வரியில்தான் போய் நிற்கும்.

ஸ்கேன் எடுத்த இடம் வேறு, எங்கள் வீட்டுப் பக்கம். அளவுகளை மளமளவென்று சொல்லிக்கொண்டே போன டாக்டர் அந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்தார். என்ன மேடம் என்று கேட்டால், "உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பதோடு சரி. கவுண்டரில் கவரைக் கொடுத்த பெண் கூடவே ஒரு என்ஐபிடி விளம்பரத் தாளையும் வைத்துக் கொடுத்தாள். 99 சதவீதத்துக்கு மேல் துல்லியம், இந்த மாதம் தள்ளுபடி, விலை 18,000. இதயத்தில் என்னவோ இருக்கிறது என்று கேள்விப்பட்டுத் தொண்டை அடைத்து நிற்பவளிடம் தள்ளுபடித் தாளை நீட்டுவது எந்த ஊர் நியாயம்? அது இந்த ரிவ்யூவில் சேராது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் கைனக் டாக்டர் நல்லவர். ஆனால் அவருடைய ஓபியில் எப்போதும் கூட்டம் வாசல்வரை நிற்கும். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, மனசு கேட்கவில்லை என்றால் என்ஐபிடி எடுங்கள், அம்னியோவும் செய்யலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். எதை வைத்து யோசிப்பது? நான் சிக்பேட்டையில் ஒரு துணி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவள். எங்களிடம் புரியாத தொகை ஏதாவது வந்தால் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைப்போம், வருடக் கடைசிக்குள் அது எதற்கான பணம் என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும். இந்தப் புள்ளியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் இரவெல்லாம் விழித்திருந்தேன். என் கணவர் பொம்மசந்திராவில் நைட் ஷிஃப்ட், அவர் அங்கே விழித்திருந்தார். மூன்றாவதாக அத்தை ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார்.

கவுன்சலிங் என்று ஒன்று தனியாக இருக்கிறது என்பதே கடையில் கூட வேலை செய்யும் அக்கா சொல்லித்தான் தெரியும். போன் செய்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்பது. எனக்குக் கன்னடம் வரும், கடையில் நாளெல்லாம் அதுதான். ஆனால் குரோமோசோம் சமாச்சாரத்தைப் பேரம் பேசும் கன்னடத்தில் விளங்கிக்கொள்ள முடியாது. இருக்கிறார், சேலத்துக்காரர், அவர் வரும் கிழமைகள் இவை என்று சொன்னார்கள். போகிறவர்கள் இதைத் தவறாமல் கேளுங்கள். நாமாகக் கேட்கவில்லை என்றால் யார் காலியாக இருக்கிறாரோ அவரிடம் அனுப்பிவிடுவார்கள்.

அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, ஜெயநகரில் இறங்கினால் ஆட்டோவில் கொஞ்ச தூரம். காரில் வராதீர்கள், நிறுத்த இடமே கிடையாது. ரிசப்ஷனில் ஆதார் ஜெராக்ஸ், பழைய ரிப்போர்ட்டுகள், ஒரு ஃபாரம். சுவரில் பிசிபிஎன்டிடி சட்டப்படி, அதாவது கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டப்படி, பதிவு செய்த சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஸ்கேன் சென்டருக்கு மட்டும்தான் பதிவு என்று நினைத்திருந்தேன். 1994ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின்படி ஜெனடிக் கவுன்சலிங் நடத்தும் இடமும் பதிவு செய்தாக வேண்டும். ஆணா பெண்ணா என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கேட்கவும் கூடாது என்ற பலகை கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது.

அப்புறம் காத்திருப்பு. அப்பாயின்ட்மென்ட் பதினோரு மணிக்கு, உள்ளே கூப்பிட்டபோது மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. கர்ப்பிணிகள் மட்டுமே வரும் இடத்தில் முதுகு சாய்க்க முடியாத இரும்பு நாற்காலி. தண்ணீர் கேன் காலி. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பேசுவது பாதி வெளியே கேட்கிறது. எனக்கு முன்னால் போனவருக்கு என்ன பிரச்சினை என்று நான் தெரிந்துகொண்டிருக்கவே கூடாது, தெரிந்துகொண்டேன். குறைத்த ஒரு மதிப்பெண்ணில் பாதி இதற்குத்தான்.

உள்ளே போனதும் கவுன்சலர் செய்த முதல் காரியம் அத்தையை வெளியே உட்காரச் சொன்னது. "அம்மா, முதல்ல இவங்க ரெண்டு பேர்கிட்டயும் பேசிடறேன், கடைசில உங்களையும் கூப்பிடறேன், நீங்க என்ன வேணா கேட்கலாம்." அத்தையின் முகம் சுண்டிவிட்டது. எனக்கு உள்ளூர நிம்மதி. முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு, ஆனால் ஒரு மாமியாரை மரியாதை குறையாமல் வெளியே அனுப்பத் தெரிந்திருக்கிறது. இந்தப் படிப்பில் அதையும் சொல்லிக்கொடுப்பார்கள் போல.

அப்புறம் அவர் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தொடவேயில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வட்டமும் சதுரமுமாக மூன்று தலைமுறையை வரைய ஆரம்பித்தார். யாருக்காவது கருச்சிதைவு உண்டா, சின்ன வயதில் இறந்தவர்கள் உண்டா, மனவளர்ச்சி குன்றியவர்கள் உண்டா, சொந்தத்தில் கல்யாணமா? எங்கள் கல்யாணம் அசல். ஆனால் என் அம்மா கட்டிக்கொண்டது தாய்மாமனை. அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் இறங்கிவிட்டது. 'சொந்தத்துல கட்டினா இப்படித்தான்' என்று ஊரில் சொல்லும் பேச்சு இத்தனை நாளும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அதை மட்டும் தனியாக விளக்கினார். சொந்தத்தில் மணம் முடித்தால் கூடுவது வேறு வகை நோய்கள்: அப்பா, அம்மா இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே குறைபாடு குழந்தையிடம் சேர்ந்து வெளிப்படுவது. டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது 21ஆம் குரோமோசோம் சரியாகப் பிரியாமல் கூடுதலாக ஒன்று வந்துவிடுவதால் ஏற்படுவது. பரம்பரையாக வருவது மிகக் குறைவு. அம்மாவின் வயது கூடக் கூட வாய்ப்பும் கூடும். என் பெற்றோர் உறவுமுறைக்கும் இந்தப் புள்ளிக்கும் சம்பந்தம் இல்லை. அப்படி மறைந்திருந்து வரும் ரத்த நோயான தலசீமியாவுக்கு ரத்தம் பார்த்தாயிற்றா என்று கேட்டார், பார்த்தாயிற்று, நார்மல், அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. எனக்கு அந்த 2,000 ரூபாய் அங்கேயே கழிந்துவிட்டது.

அடுத்து மூன்றாம் மாத ரிப்போர்ட்டைக் கேட்டார், குழந்தையின் பிடரியை அளக்கும் என்டி ஸ்கேனும் டபுள் மார்க்கர் என்ற ரத்தப் பரிசோதனையும். அதில் டவுன் சிண்ட்ரோமுக்கான வாய்ப்பு எனக்கு 1,850-ல் 1 என்று வந்திருந்தது. இதுதான் உங்கள் கணக்கின் தொடக்க இருப்பு, புள்ளி அதை எவ்வளவு மாற்றுகிறது என்று மட்டும் பார்ப்போம் என்றார். எங்கள் பாஷையிலேயே பேசுகிறாரே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். இதயத்துக்குள் வால்வைப் பிடித்துக்கொண்டிருக்கும் சின்னத் தசை ஒன்று உண்டு. அதில் கொஞ்சம் கால்சியம் படிந்தால் ஸ்கேனில் எலும்பு மாதிரி வெள்ளையாகத் தெரியும். அது இதயக் கோளாறு கிடையாது, இதயத் துடிப்பையும் பாதிக்காது. நூறு கர்ப்பத்தில் மூன்று முதல் ஐந்து வரை இப்படித் தெரியும், ஆசியப் பெண்களிடம் இன்னும் கூடுதலாகவே தெரிகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிடம் இந்தப் புள்ளி அதிகம் என்று முன்பு கண்டதால்தான் இது சந்தேகப் பட்டியலில் ஏறியது. ஆனால் மற்ற எந்த அடையாளமும் இல்லாமல் இது ஒன்று மட்டும் தனியாக இருந்தால் கதை வேறு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளிவந்த ஒரு கணக்கில், தனிப் புள்ளிக்கு உரிய பெருக்குத்தொகை 0.95. அதாவது பழைய ஆபத்தை 0.95-ஆல் பெருக்க வேண்டும். நானே போனில் போட்டுப் பார்த்தேன்: 1,850-ல் 1 என்பது ஏறக்குறைய 1,950-ல் 1 ஆகிறது. கூடவே இல்லை, ஒரு பொட்டு குறைந்திருக்கிறது. எப்படிக் குறையும் என்று கேட்டேன். மற்ற அடையாளங்கள் எல்லாவற்றையும் தேடிப் பார்த்து, அவை இல்லை என்பதும் சேர்ந்து வந்த கணக்கு அது என்றார். சரி, அந்த நார்மல், நார்மல், நார்மல் எல்லாவற்றுக்கும் மதிப்பு இருக்கத்தான் செய்கிறது.

எல்லா சாஃப்ட் மார்க்கரும் இப்படி லேசானவை இல்லை. பிடரித் தோல் தடித்திருந்தாலோ, மூக்கெலும்பு தெரியவில்லை என்றாலோ, அது ஒன்று மட்டும் இருந்தால்கூட ஆபத்து பல மடங்கு கூடும். இரண்டு அடையாளம் சேர்ந்து வந்தாலும் அப்படித்தான். மூன்றாம் மாதப் பரிசோதனையே செய்யாதவர்களுக்கு அறிவுரை வேறு. வெளியே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு என் மாதிரியே தனிப் புள்ளிதான், ஆனால் டபுள் மார்க்கர் எடுக்கவில்லை. அவரை என்ஐபிடி எடுக்கச் சொன்னார்கள், அதுவே சரி. ஆகவே இதைப் படித்துவிட்டு 'எனக்கும் புள்ளிதானே' என்று யாரும் ரிப்போர்ட்டை மூடி வைக்க வேண்டாம்.

இதுவரை என் கணவர் வாயே திறக்கவில்லை. இப்போது திறந்தார். "1,950-ல 1 சரி மேடம், அந்த ஒண்ணு நாங்களா இருந்தா?" கவுன்சலர் அதற்கு ஆறுதல் சொல்லவில்லை. இருக்கலாம் சார், பூஜ்யம் இல்லை என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் எங்களிடம் பதில் தயாராக இல்லை: தெரிந்தால் என்ன செய்வீர்கள்?

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்யாணமாகி நாலு வருஷம், இதைப் பேசியதே இல்லை. இவர் மெதுவாக, "கலைக்கறதுக்கு இல்ல, முன்னாடியே தெரிஞ்சா தயாரா இருக்கலாமே" என்றார். நான் அதை எதிர்பார்க்கவில்லை. கவுன்சலர், அதுவும் பரிசோதனை செய்ய நல்ல காரணம்தான், கலைப்பதற்காகத்தான் பரிசோதனை என்று கிடையாது என்று சொல்லிவிட்டு, டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறைபாடு இருக்கும், முன்னாலேயே தெரிந்தால் பிரசவம் எங்கே பார்ப்பது என்பதைத் திட்டமிடலாம் என்றார். குழந்தைகள் பேசுவார்கள், பள்ளிக்குப் போவார்கள், வேலை பார்ப்பவர்களும் உண்டு, எல்லாம் கொஞ்சம் மெதுவாக நடக்கும் என்று சொன்னபோது பயமுறுத்தவும் இல்லை, பூசி மெழுகவும் இல்லை.

பிறகு இரண்டு பரிசோதனைகளையும் எடுத்துக்கொண்டார். விளம்பரத் தாளை நான் மேசையில் வைத்தேன். என்ஐபிடி என்பது அம்மாவின் ரத்தத்தில் மிதக்கும் நஞ்சுக்கொடியின் டிஎன்ஏவை எண்ணிப் பார்ப்பது. பத்தாம் வாரத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், குழந்தைக்கு ஆபத்து இல்லை. டவுன் சிண்ட்ரோமைக் கண்டுபிடிப்பதில் 99 சதவீதம் என்பதும் பொய் இல்லை. ஆனால் அந்த 99-ஐ வைத்துக்கொண்டு 'பாசிட்டிவ் வந்தால் 99 சதவீதம் உறுதி' என்று படித்துவிடக் கூடாது. இங்கே என்னிடம் பேனாவைக் கொடுத்தார். என் மாதிரி ஒரு லட்சம் பெண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,950-ல் 1 என்றால் சுமார் 51 குழந்தைகளுக்கு உண்மையிலேயே இருக்கும், ஏறக்குறைய எல்லோரையும் பரிசோதனை பிடித்துவிடும். மீதிப் பேரில் ஆயிரத்துக்கு ஒருவருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வருகிறது என்று வைத்தால் அது 100 பேர். ஆக 151 பாசிட்டிவில் உண்மை 51 தான், மூன்றில் ஒன்று. நெகட்டிவ் வந்தால் நிம்மதியாக நம்பலாம். பாசிட்டிவ் வந்தால் உறுதி செய்ய அம்னியோ செய்தே ஆக வேண்டும். சில சமயம் டிஎன்ஏ போதவில்லை என்று விடையே வராமல் மறுபடி ரத்தம் கேட்பார்கள். 18,000 ரூபாய்த் தாளில் இது எதுவும் இல்லை. விளம்பரத்தில் போடும் எண் சரியாகவே இருக்கும், எந்தக் கேள்விக்கான விடை அது என்பதை மட்டும் நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்னியோ உறுதியான பரிசோதனை. பதினைந்து வாரத்துக்குப் பிறகு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வயிற்றில் மெல்லிய ஊசி விட்டுப் பனிக்குட நீரைக் கொஞ்சம் எடுப்பார்கள். அதனால் கரு கலையும் கூடுதல் ஆபத்தைப் பழைய புத்தகங்கள் இருநூறில் ஒன்று வரை சொல்லும், இப்போதைய கணக்கு ஆயிரத்தில் ஒன்றிலிருந்து மூன்று வரை. என் 1,950-ல் 1-க்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தேன். தேடும் பொருள் கிடைக்கும் வாய்ப்பைவிடத் தேடுவதால் வரும் நஷ்டத்தின் வாய்ப்பு கூடுதல். மைக்ரோஅரே என்று இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால் வேறு சிலவும் தெரியவரும். நல்லது கெட்டது சொல்ல முடியாத மாற்றம் ஏதாவது அகப்பட்டால், புள்ளியை விட்டு அதைப் பற்றிக் கவலைப்படுவோம். கடைசியில், அம்னியோ செய்வதாக முடிவெடுத்தால் ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்: சம்மதத்தை எழுத்தில், அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் வாங்க வேண்டும், அதன் நகலை அவளிடம் கொடுக்க வேண்டும் என்று அதே 1994 சட்டம் சொல்கிறது. பெங்களூரிலும் தமிழில் கேட்கலாம், கேட்க வெட்கப்பட வேண்டாம்.

காலக்கெடுவையும் மறைக்காமல் சொன்னார். 2021இல் திருத்திய சட்டப்படி கருக்கலைப்புக்கு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும், 24 வாரம் வரை சட்டம் குறிப்பிடும் பிரிவினருக்கு இரண்டு டாக்டர்கள் வேண்டும், அதைத் தாண்டினால் குழந்தைக்குக் கணிசமான குறைபாடு என்று மருத்துவக் குழு கண்டால்தான். அம்னியோவில் அவசரப் பகுதி சில நாளில் வரும், முழு குரோமோசோம் அறிக்கைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் நாளை எண்ணிக்கொண்டே எடுங்கள் என்றார். எங்கள் வீட்டில் அந்த வழி வேண்டாம் என்றுதான் இருந்தோம், இருந்தாலும் அதைப் பேசாமல் விடாதது எனக்குப் பிடித்தது.

சொன்ன வாக்குப்படி அத்தையைக் கூப்பிட்டார். அத்தை கோபத்தைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் வந்தார்.

"கிரகணத்தன்னிக்கு வெளியில போகாதடின்னா கேட்டாளா? அதனால வந்த புள்ளியாம்மா இது?"

"இல்லம்மா. கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"சரி, கால்சியம்னு சொல்றீங்களே. தினம் ரெண்டு கால்சியம் மாத்திரை முழுங்கறாளே, அது போய்ப் படிஞ்சிடுச்சா? நிறுத்திடட்டுமா?"

சிரிக்க வேண்டாம், எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, கேட்கக் கூச்சம். மாத்திரையால் வருவது இல்லை, நிறுத்தவே கூடாது, இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து மட்டும் போடாமல் இடைவெளி விடுங்கள் என்றார். அத்தைக்கு அந்தக் கடைசிக் குறிப்பில் பரம திருப்தி. உபயோகமாக ஒன்றாவது கிடைத்ததே! வயிற்றில் ஊசி கிடையாதுதானே என்று இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

என்ன செய்யுங்கள் என்று மட்டும் அவர் சொல்லவே இல்லை. என் கணவருக்கு இது குறை. இவ்வளவு படித்தவர், காசும் வாங்கியவர், ஒரு வார்த்தை சொல்லலாம்தானே என்று மெட்ரோவில் முணுமுணுத்தார். எனக்கு அதில் பாதி உடன்பாடு. முடிவு உங்களுடையது என்று சொல்வதற்கும் எங்களை நட்டாற்றில் விடுவதற்கும் இடையே மெல்லிய கோடுதான். ஆனால் நான் நேராகவே, உங்கள் தங்கை இந்த ரிப்போர்ட்டோடு வந்தால் வழிகாட்டு நெறிகள் என்ன சொல்கின்றன என்று சொல்வீர்கள் என்று கேட்டபோது, அதற்கு ஒளிக்காமல் பதில் வந்தது: முந்தைய பரிசோதனை லோ ரிஸ்க், புள்ளி தனியாக இருக்கிறது என்றால் மேற்கொண்டு பரிசோதனை தேவையில்லை, இதற்காக மறுபடி மறுபடி ஸ்கேனும் தேவையில்லை. சரியான கேள்வியைக் கேட்டால் பதில் வருகிறது. கேட்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்காக ஒரு கால் மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

மீதி கால் அந்தக் கடிதத்துக்கு. பேசியதைச் சுருக்கி எழுதி அனுப்புகிறோம் என்றார்கள். போனில் இரண்டு மூன்று தடவை நச்சரித்த பிறகுதான் வாட்ஸ்ஆப்பில் வந்தது, அதுவும் முழுக்க ஆங்கிலத்தில், என் வயதைத் தப்பாகப் போட்டு. திருத்தித் தந்தார்கள். காலக்கெடு உள்ள விஷயத்தில் இந்தத் தாமதம் சரியில்லை. கைனக் டாக்டர் அதைப் படித்துவிட்டு ஃபைலில் வைத்துக்கொண்டார், பழைய ரிஸ்க் நம்பரைச் சிவப்பில் அடிக்கோடிட்டார்.

என்ன முடிவு எடுத்தோம் என்று கேட்பீர்கள். அம்னியோ வேண்டாம் என்பது அந்த அறையிலேயே முடிவாகிவிட்டது. என்ஐபிடியில் தான் இழுபறி. இவருக்கு எடுத்துவிடலாம் என்று இருந்தது, 18,000 போனால் போகிறது என்றார். எனக்கு, பாசிட்டிவ் வந்தால் ஊசிக்குச் சம்மதிப்பேனா என்பதே கேள்வி. சம்மதிக்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. அப்படியென்றால் மூன்றில் ஒன்று என்ற எண்ணோடு மீதி மாதங்களைத் தள்ள வேண்டும், 1,950-ல் 1-ஓடு தள்ளுவது எவ்வளவோ மேல். இதைச் சொன்னதும் இவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, ஷிஃப்ட் முடிந்து வந்து டிபன் சாப்பிடும்போது, வேண்டாம் விடு என்றார். முழு மனதாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வளைகாப்பு தேதியை அத்தை அன்றைக்கே குறித்துவிட்டார்.

வேறு ஒருத்தி இதே எண்களை வைத்துக்கொண்டு என்ஐபிடி எடுத்தால் நான் தப்பு சொல்ல மாட்டேன். அவளுக்கு நெகட்டிவ் என்ற தாள் கையில் இருந்தால்தான் தூக்கம் வரும் என்றால் எடுக்கட்டும்.

போகிறவர்களுக்கு: மூன்றாம் மாத ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள், அது இல்லாமல் போனால் பாதிப் பேச்சு நடக்காது. இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி வரை வீட்டில் விசாரித்துவிட்டுப் போங்கள். சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு போங்கள். புருஷனைக் கூட்டிப் போங்கள், மாமியாரையும் கூட்டிப் போகலாம். காசு பாரமாக இருந்தால் எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் சென்டர் ஃபார் ஹியூமன் ஜெனடிக்ஸ் போன்ற லாப நோக்கமில்லாத இடங்களையும் பெரிய மருத்துவக் கல்லூரிகளையும் விசாரித்துப் பாருங்கள். எங்கள் 2,300 ரூபாயை இவருடைய கம்பெனி இன்ஷூரன்ஸில் போட்டுப் பார்த்தோம், ஓபி செலவு சேராது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், ஓபி கவர் உள்ளவர்களுக்குக் கிடைக்கலாம்.